கௌரி சேனிடம் பான் கார்டு உண்டா?

கல்கத்தாவில் வரவு பார்க்காமல் செலவு செய்கிறவனைப் பார்த்து, "லாகே டாகா, தேபே கௌரி சேன்" என்பார்கள். பணம் வேணுமா, கௌரி சேன் கொடுப்பார். ஹூக்ளிப் பக்கத்து வியாபாரி, சில நூறு வருஷத்துக்கு முந்தையவர் என்று சொல்கிறார்கள். கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர்களைக்கூடப் பணம் கட்டி மீட்டு வந்தாராம். யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எந்தத் தலைப்பில் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்படிப்பட்டவரைப் பழமொழியில்தான் வைக்க முடியும். அறக்கட்டளைப் பதிவேட்டில் வைக்க முடியாது.

தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களுக்கு எழுபதுகளில் ஒரு கௌரி சேன் இருந்தார். அவர் என் பெரியப்பா. வியாபாரியும் இல்லை, ஜமீனும் இல்லை. கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. (தெருவுக்கு நேதாஜி சுபாஷ் ரோடு என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆன பிறகும் அவருக்கு அது கிளைவ் தெருதான்.) பிட்மன் ஷார்ட்ஹாண்டையும் டைப்ரைட்டிங்கையும் நம்பி ஹௌரா மெயிலில் ஏறி வந்த தலைமுறை. சம்பளம் வீட்டுக்கு. சாயங்காலம் முன்னறையில் பையன்களுக்கு ஷார்ட்ஹாண்ட் சொல்லிக்கொடுத்து வாங்கும் ஃபீஸ், காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு. இப்போது எங்கள் குடும்ப அறக்கட்டளைக்கு வழவழப்பான தாளில் ஒரு பிரசுரம் உண்டு. அதில் அந்தப் பாட்டிலுக்கு 'தொடக்க நிதி' என்று பெயர். பக்கத்தில் பாட்டிலின் படம். படத்தில் இருப்பது புதுப் பாட்டில். பழையதைப் பெரியம்மா எந்தக் காலத்திலோ புளி போட்டு வைக்க எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பெரியப்பாவிடமும் கணக்கு இருந்தது. நமக்கு வருஷப் பிறப்பு முடிந்த கையோடு வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக். அன்று கடைக்காரர்கள் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேடு தொடங்குவார்கள். பெரியப்பாவும் அதில் சின்னதாக ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பார். உள்ளே இருப்பதெல்லாம் இப்படித்தான்: "கேவடாதலா 40." "ஊர் டிக்கெட் ஒன்று." "மூத்தவன், ஜனவரி." கேவடாதலா எங்கள் பேட்டைக்குப் பக்கத்துச் சுடுகாடு. ஊரிலிருந்து தனியாக வந்து, மெஸ்ஸில் தனியாக இருந்து, தனியாகவே போய்ச்சேர்ந்தவர்களின் கடைசிச் செலவு அந்த நாற்பது. பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. ஒருமுறை கேட்டேன். "வாங்கினவனோட பிள்ளை நாளைக்கு இந்த வீட்டுக்கு வருவான்டா. நோட்டு இங்கேதான் கிடக்கும். அவன் கண்ணுல படலாமா?" என்றார்.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது பெரியம்மா. இன்றைய மொழியில் தேர்வுக் குழு. உதவி கேட்டு வருகிறவர் முதலில் சாப்பிட வேண்டும். பெரியம்மா பரிமாறிவிட்டு உள்கதவு ஓரமாக நிற்பாள். நிஜமாகவே கஷ்டப்படுகிறவன் இலையைப் பார்ப்பான், பழக்கத்துக்கு வருகிறவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான் என்பது அவள் சித்தாந்தம். விண்ணப்பப் படிவம், வருமானச் சான்றிதழ், வீட்டுப் பார்வை எல்லாம் அரை மணி நேரத்தில், ரசம் சாதத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படி எழுதும்போது கண்ணில் நீர் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தச் சிவப்பு நோட்டுகளை நான் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறேன். முதல் பல வருஷங்களுக்கு நம்மவர்களைத் தவிர வேறு ஒருவருக்குக் காலணா போகவில்லை. பெண் பிள்ளையின் படிப்புக்கு ஒரு வரிகூட இல்லை, கல்யாணத்துக்கு உண்டு. மேனகா சினிமா வாசலில் பெரியப்பா கண்ணில் பட்ட பையனுக்கு மறுமாசம் ஃபீஸ் நின்றது. மேல்முறையீடு பெரியம்மாவிடம்; அவளுக்கு அந்தப் பையனின் அம்மாவைப் பிடிக்காது. தீர்ப்பு உறுதியானது. அந்தக் காலத்துத் தருமத்தில் மனசு இருந்தது என்கிறார்கள். இருந்தது. மனசோடு சேர்ந்து வருகிற மற்றதும் இருந்தது.

நோட்டில் நிறம் மாறுவது 1978-ல். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் மழை விடாமல் கொட்டிக் கல்கத்தாவே குளமானது. எங்கள் தரைத்தளத்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அதுவரை பெரியப்பாவுக்கும் தெருமுனை கிளப் பையன்களுக்கும் இருந்த ஒரே உறவு பூஜைச் சந்தா. அவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து பதினொரு ரூபாய் கேட்பார்கள், இவர் இரண்டில் ஆரம்பிப்பார், ஐந்தில் முடியும். அந்தப் பையன்கள்தான் கழுத்து மட்டும் தெரிய நீந்தாத குறையாக வந்து, "மேஷோமஷாய், கிச்சுடி" என்று அலுமினிய வாளியை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். வெங்காயம் போட்டிருந்தது. பெரியம்மா உட்பட எல்லோரும் சாப்பிட்டோம். அடுத்த நோட்டில் வங்காளிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: "மீன்காரம்மா மகள், புஸ்தகம்." மகள் என்ற சொல் அந்த நோட்டுகளில் படிப்புக்காக வந்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பாவுக்குத் தன் பாட்டிலைப் பற்றி ரகசியமாக ஒரு பெருமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்களை நடத்தி அழைத்துப் போகும்போது அது வெளியே வரும். "நீங்க நடக்கிற இந்த ராஷ்பிகாரி அவென்யூ யார் பேர்ல இருக்கு தெரியுமா? ஒரு வக்கீல்!" ராஷ்பிகாரி கோஷ் 1913-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரிக்குப் பத்து லட்சம் கொடுத்தவர். அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு வக்கீல், தாரக்நாத் பாலித், நிலமும் பணமுமாகக் கொடுத்துவிட்டார். பாலிகஞ்ச் சர்குலர் ரோட்டில் இருந்த பாலித்தின் இடத்தில்தான் இன்றைக்கு பாலிகஞ்ச் சயன்ஸ் காலேஜ் நிற்கிறது. பாலித் கொடுத்த பணத்தில் பௌதிகத்துக்கு ஒரு நாற்காலி. 1917-ல் அதில் வந்து உட்கார்ந்தவர் திருச்சிக்காரர், சி.வி. ராமன், நிதித்துறை உத்தியோகத்தை உதறிவிட்டு, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு. 1928-ல் அவர் கண்டுபிடித்ததை பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்து ஆய்வகத்தில் கண்டுபிடித்தார். அதுவும் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் வீடு வீடாகக் கேட்காத குறையாக நன்கொடை திரட்டி 1876-ல் ஆரம்பித்ததுதான். "வங்காளி வக்கீல் பணம், தமிழன் மூளை" என்று முடிப்பார் பெரியப்பா. பாலித் வரிசையில் கடைசியில் எங்கேயோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நிற்பதாக அவருக்கு எண்ணம். அதைச் சொல்ல மாட்டார். நடை மட்டும் கொஞ்சம் வேகமாகும்.

ஒரு தடவை வடக்கே முக்தாராம் பாபு தெருவில் மார்பிள் பேலஸுக்குக் கூட்டிப் போனார். ராஜேந்திர மல்லிக் 1835-ல் கட்டிய மாளிகை. பளிங்குச் சிலையும் ரூபன்ஸ் பெயர் சொல்லும் ஓவியமும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறது. 1866 ஒரிசாப் பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு மல்லிக் சோறு போட்டார். அந்தக் குடும்பம் அன்னதானத்தை இன்றுவரை விடவில்லை. வரிசையில் இருந்தவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா என்னிடம் கேட்டார்: "இதுக்கு மூலதனம் எங்கே வெச்சிருப்பான்னு நினைக்கிறே?" எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பாட்டிலுக்கு ஒரு பத்திரம் எழுதியிருக்கலாம்.

ஒரு டிசம்பரில் அவர் காலமானார். ஜனவரியில் பள்ளிக்கூட ஃபீஸ். பாட்டிலில் பணம் இருந்தது. நோட்டில் பெயர் இல்லை. நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா கட்டுவார்" என்று வாசலில் நின்றார்கள். கட்டினோம். வராமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனையோ பேர் மானத்தைக் காப்பாற்றிய அந்தப் பெயர் எழுதாத வழக்கம், யாரோ ஒரு பிள்ளையின் ஆறாம் வகுப்பை அந்த ஜனவரியில் முடித்து வைத்திருக்கும். கருணைக்குப் பத்திரம் எதற்கு என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மாசம் நினைவுக்கு வரும்.

நிலைத்த தருமங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பத்திரம் இருக்கும். பல சமயம் வழக்கும். அப்பா இல்லாமல் வளர்ந்து, காலி பாட்டிலும் தக்கையும் விற்றுப் பணக்காரரான மோதிலால் சீல், இலவசப் பள்ளிக்கும் பேல்கரியா அன்னசத்திரத்துக்கும் சொத்தை எழுதி வைத்தார். மெடிக்கல் காலேஜுக்கு நிலம் கொடுத்தார். ராணி ராஷ்மணி தட்சிணேஸ்வரம் கோயிலைக் கட்டி 1855-ல் குடமுழுக்கு நடத்தினார். ஆனால் சொத்தைத் தெய்வத்தின் பேரில் எழுதிக் கையெழுத்துப் போட்டது 1861 பிப்ரவரியில், சாவதற்கு முதல் நாள். அப்போது உயிரோடிருந்த இரண்டு மகள்களில் ஒருத்தி ஒப்புதல் கையெழுத்துப் போடவில்லை. பின்னால் கோர்ட்டும் கச்சேரியும். நம் பச்சையப்ப முதலியார் கதை தெரிந்ததுதான்: 1794-ல் அவர் உயிலோடு போனார், பணம் வழக்கில் சுழன்று பள்ளிக்கூடமாகக் கதவு திறக்க 1842 ஆயிற்று. அவர் கொடுக்க நினைத்ததற்கும் பிள்ளைகள் படித்ததற்கும் நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

ஆகவே எங்கள் வீட்டிலும் பத்திரம் எழுதினோம். பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். பேத்தி பெங்களூரில் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவில். நான் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொருளாளர். தருமம் செய்யும் குடும்பமாக இருந்தோம். அறங்காவலர் குழுவாக ஆனோம்.

முதலில் வந்தது கணக்காயர். அறக்கட்டளையின் வரிவிலக்குக்கு 12ஏ பதிவு, கொடுப்பவரின் வரிவிலக்குக்கு 80ஜி பதிவு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண். பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். 2025 பட்ஜெட்டில்தான் எங்களைப் போன்ற சிறியவர்களின் 12ஏ பதிவுக்குப் பத்து வருஷம் என்று இரங்கினார்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவழிக்க வேண்டும் என்ற விதியால் பிப்ரவரி வந்தால் எங்களுக்குக் கருணை பெருக்கெடுக்கும். ஜனவரி ஃபீஸ் கட்டி முடித்துப் பெரியப்பா கை இறுகியதும் அதே மாசத்தில்தான். கணக்காயருக்குக் கொடுக்கும் கட்டணம் நாங்கள் உதவும் எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதைவிட அதிகம். அவரையும் பயனாளிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாகவில்லை.

பெயர் எழுதாத வழக்கம்தான் முதலில் போயிற்று. பெரியப்பாவின் பழைய மாணவர் ஒருவர், இப்போது வசதியானவர், பெரிய தொகை கொடுக்க வந்தார். ஒரே நிபந்தனை: தன் பெயர் வெளியே வரக்கூடாது, ரசீதும் வேண்டாம். பெரியப்பா இருந்தால் கும்பிட்டிருப்பார். நான் கணக்காயரைக் கேட்டேன். 2006-ல் வந்த விதிப்படி, பெயர் தெரியாதவர் கொடுத்தது, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. கோயில் உண்டியலுக்கு அந்த வரி இல்லை. சுவாமிக்குப் பெயர் சொல்லாமல் போடலாம். மீன்காரம்மா மகளுக்குப் போடக்கூடாது. அவர் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, முகம் வாடி, "வாத்தியாருக்கு நான் எவ்வளவு தரணும்னு நினைச்சேனோ அது இப்ப கவர்மெண்டுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். மே 31-க்குள் 10பிடி படிவத்தில் அவர் பெயரை ஏற்றினேன்.

அடுத்தது பெரியப்பாவின் சொந்த ரத்தம். மூத்த மகன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான். அவன் அனுப்பும் பணம் உள்நாட்டுப் பணம். இளையவன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். அவன் அனுப்புவது வெளிநாட்டு நிதி. ஒரே அப்பா, ஒரே பாட்டில், ஒரே டாலர். வெளிநாட்டு நிதி வாங்க உள்துறை அமைச்சகத்தில் தனிப் பதிவு வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் தில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசாவின் சபைக்கே அந்தப் பதிவைப் புதுப்பிக்க மறுத்து, சில நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் எம்மாத்திரம். இளையவன் இப்போது பணம் அனுப்புவதில்லை, ஆலோசனை அனுப்புகிறான். அதற்குத் தடை இல்லை.

ஆலோசனையில் பிறந்ததுதான் கம்பளித் திட்டம். கல்கத்தாவில் டிசம்பர் பிறந்தால் கம்பளி விநியோகம் ஒரு பருவக் காய்ச்சல். கிளப், கட்சி, வியாபாரிகள் சங்கம், கம்பெனி, எல்லோரும் பேனர் கட்டிக் கொடுப்பார்கள். நாங்களும் காளிகாட் பக்கம் போனோம். நடைபாதையில் ஒரு கிழவி எங்கள் கம்பளியை வாங்கி, ஏற்கெனவே இருந்த மூன்றின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, "கொசுவலை இருக்கா, பாபு?" என்றாள். பேத்தியிடம் போனில் சொன்னேன். "சித்தப்பா, கொசுவலை நம்ம ஃபோகஸ் ஏரியாவிலேயே இல்லையே" என்றாள். பிறகு அவளே யோசித்து, டெங்கு என்று எழுதினால் சுகாதாரத்தில் வரும் என்று கண்டுபிடித்து, மறுமாசம் கொசுவலை போயிற்று. அவளைக் கிண்டல் செய்கிறேனே தவிர, ஒரு கிழவி கேட்டதைப் படிவத்துக்குள் எப்படி நுழைப்பது என்று தெரிந்தவள் எங்கள் குழுவில் அவள் ஒருத்திதான்.

ஃபீஸ் இப்போது பெரிய விஷயமே இல்லை. அரசுப் பள்ளியில் கட்டணம் கொஞ்சம்தான், பெண் பிள்ளைகளுக்கு 2013 முதல் மாநில அரசின் கன்யாஸ்ரீ உதவிப் பணம் வருகிறது, சைக்கிளும் கொடுக்கிறார்கள். ஆனால் வங்காளத்தில் பள்ளிக்கூடம் பாதி, டியூஷன் மீதி. 2022 'அசர்' கல்வி ஆய்வில் மாநிலத்தின் கிராமப்புற மாணவர்களில் நான்கில் மூன்று பேர் காசு கொடுத்து டியூஷன் படிப்பதாக வந்தது. நகரத்தில் வேறு கதை இருக்கும் என்று எங்கள் தெருவைப் பார்த்தவர் சொல்ல மாட்டார். வீட்டுவேலை செய்கிறவளின் சம்பளத்தில் பெரிய பங்கு மகளின் கணக்கு டியூஷனுக்கும் இங்கிலீஷ் டியூஷனுக்கும் போகிறது. உண்மையான தேவை அங்கேதான். டியூஷன் வாத்தியாரோ ரசீது தர மாட்டார். ரசீது இல்லாததை நாங்கள் செலவு எழுத முடியாது. சட்டப்படி எங்களால் கம்பளி கொடுக்க முடியும், ஐந்தாவது கம்பளிகூட. கணக்கு டியூஷனுக்குக் கொடுக்க முடியாது.

பேத்தி கடைசியில் வழி சொன்னாள். நாமே ஒரு வாத்தியாரை வைத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வகுப்பு நடத்துவது. இடத்துக்குத் தெருமுனை கிளப்பைக் கேட்டோம். கிளப் இப்போது பழைய கிளப் இல்லை. துர்கா பூஜைக்கு 2021-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். பூஜைக் குழுக்களுக்கு மாநில அரசு 2018-ல் 10,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது, 2025-ல் 1,10,000 கொடுத்தது. அதற்கு மேல் சிமெண்ட், மசாலா, பனியன் கம்பெனிகளின் விளம்பர வளைவு. ஐந்து ரூபாய்க்கு யாரும் என்னிடம் பேரம் பேச வருவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். செயலாளர், அந்த நாளில் கிச்சுடி வாளி தூக்கியவர்களில் ஒருவரின் மகன், அறையைச் சும்மாவே தந்தார். பதிலுக்கு ரத்ததான முகாம் பேனரில் எங்கள் சின்னத்தைப் போட்டுக்கொள்வாராம், அமைப்புகளின் எண்ணிக்கை கூடினால் அவர்களுக்கு மதிப்பு. எங்களுக்குச் சின்னம் இருந்தது; பேத்தி வரையச் சொன்னதுதான். முதல் தடவையாக அது ஒரு வாடகையைக் கட்டியது.

வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் முழுப் பெயர், அப்பா பெயர், ஆதார் எண். என்றைக்காவது நான் போனாலும் ஜனவரியில் யாரும் வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. வருஷ அறிக்கையில் 'தாக்கம்' என்ற பத்தியை நிரப்பச் சொல்கிறாள் பேத்தி. இரண்டு பேர் கணக்கில் பாஸாகிவிட்டார்கள், ஒருத்தி மூக்கு குத்திக்கொண்டாள் என்று எழுதினேன். இரண்டாவதை எடுத்துவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு எங்களுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை, பெயரை மறைக்காதீர்கள், பாஸ்போர்ட் மாறியிருந்தால் வேண்டவே வேண்டாம். அதைவிட, உங்கள் தெருவிலேயே டியூஷன் பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்ட பிள்ளை ஒன்று இருக்கும். விசாரித்து, அந்த வாத்தியாரிடம் நேரே கொடுத்துவிடுங்கள். ரசீது தர மாட்டார். வரிவிலக்கும் கிடைக்காது. கொடுங்கள்.